தா.பழூருக்குக் கம்ப்ரசர் இழுத்துப் போனது

பெரம்பலூர் பாலக்கரையில் நாங்கள் டீசல் போட்டபோது காலை ஆறரை மணி இருக்கும். மார்கழி மாதம். பனி இறங்கியிருந்தது, மழைதான் இறங்கவில்லை. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வானம் கறுத்துக்கொண்டு வந்து நின்றுவிட்டு, அப்படியே கலைந்து போயிற்று. காவிரியிலும் தண்ணீர் விடவில்லை. இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம் அது. அந்த வருஷத்தை எங்கள் பக்கம் யாரும் நல்ல வார்த்தை சொல்லிப் பேசுவது கிடையாது.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்துக்கூட்டித்தான் எழுதுவேன், ஆகவே மெதுவாகத்தான் சொல்லுவேன். அவசரப்படுகிறவர்கள் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

எங்களுடையது ஒரு மினிலாரி. பெரம்பலூர் பக்கம் விளைகிற சின்ன வெங்காயத்தை மார்க்கெட்டுகளுக்கு ஏற்றிப் போகிற வண்டி. வண்டிப் புத்தகத்தில் இருப்பது என் பெயர். என் வீட்டுக்காரர் போன பிறகு மேட்டு நிலத்தில் பாதியை விற்று நான் வாங்கியது. ஓட்டுவது என் மகன் சேகர். அந்த வண்டி ஓடினால்தான் வீட்டில் உலை கொதிக்கும். சேகருக்கு இரண்டு பிள்ளைகள். அந்த மார்கழியில் கிணற்றில் தண்ணீரும் இல்லை, வெங்காயமும் குறைச்சல், வண்டி ஒன்றுதான் மிச்சம்.

மகள் செல்வியைத் தா.பழூருக்குத் தெற்கே, கொள்ளிடக் கரைப் பக்கம் கொடுத்திருந்தோம். மருமகன் கலியமூர்த்தி நாலு ஏக்கர் நெல் போட்டிருந்தார். பயிர் சூல் கட்டி நிற்கிற சமயம் பார்த்து அவர்களுடைய போர்க்குழாய்க் கிணறு மண் அடைத்துக்கொண்டது. மோட்டார் போட்டால் காற்றும் சேறும்தான் வருகிறது. சூல் கட்டிய நெல்லுக்கு ஒரு வாரம் தண்ணீர் இல்லாவிட்டால் கதிர் வெளியே வராது. வந்தாலும் உள்ளே பால் இருக்காது, பதர்தான்.

அடைத்த போரைத் திறப்பதற்கு ஒரு வழி உண்டு. அரியலூரில் சுண்ணாம்புக்கல் வெட்டுகிற இடத்துக்கு எல்லோரும் மைன்ஸ் என்றுதான் சொல்வார்கள். அங்கே பாறையில் துளை போடக் காற்று அடிக்கிற மிஷின் ஒன்று இருக்கும், கம்ப்ரசர். இரண்டு சக்கரத்தின் மேல் இரும்புப் பெட்டி மாதிரி உட்கார்ந்திருக்கும். அதன் காற்றைக் குழாய் வழியாகப் போருக்குள் விட்டால் அடியில் இருக்கிற மண்ணை வாரி மேலே எறியும். அந்த வருஷம் அந்த மிஷினுக்கு நடந்த போட்டி சொல்லி முடியாது. சேகர் யார் யாரையோ பிடித்து, ஒரு குத்தகைக்காரரிடம் சம்மதம் வாங்கியிருந்தான். அவர் மூன்று பேச்சு பேசியிருந்தார். மிஷினை இழுக்கிற டிராக்டர் பட்டறையில் கிடக்கிறது, ஆகவே நீங்களே இழுத்துக்கொண்டு போக வேண்டும். மிஷினுக்குப் பின்னால் விளக்குக் கிடையாது, இருட்டினால் ரோட்டில் ஓட்டக்கூடாது. மூன்றாம் நாள் காலையில் மைன்ஸில் மிஷின் நிற்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் வாசகர்களுக்கே விளங்கும். முதல் நாள் இருட்டுவதற்குள் போய்ச் சேர்ந்தால் ஒரு முழு ராத்திரியும் மறுநாள் மத்தியானம் வரையிலும் போருக்குக் காற்று அடிக்கலாம். சேராவிட்டால் அந்த ராத்திரி போச்சு. சேகர் இதைச் சொல்லிச் சொல்லித்தான் வண்டியை எடுத்தான்.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். பேரளியில் ஒரு டீ குடித்தோம், இரண்டு ரூபாய். அதுவரை ரோட்டின் இரண்டு பக்கமும் பருத்தியும் சோளமும் காய்ந்து நின்றன. அரியலூர் கிட்ட வர வர எல்லாம் வெளுத்துவிடும். புளியமரத்து இலை, வேலி, கடையின் பெயர்ப்பலகை, ரோட்டோரம் படுத்திருக்கிற மாடு, எல்லாவற்றின் மேலும் சுண்ணாம்புத் தூள். சிமெண்டு ஆலைகளின் புகைக்கூண்டுகள் தூரத்தில் நிற்கும். எதிரே வருகிற ஒவ்வொரு லாரியும் கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டு போகும். வெள்ளைத் தூளுக்கு மேல் கறுப்புப் புகை. நோய் வந்த ஊர் மாதிரி இருக்கும், ஆனால் அந்த ஊர்க்காரர்கள் அப்படிச் சொன்னால் கோபித்துக்கொள்வார்கள்.

எட்டு மணிக்கு ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் காதர் பாய் கடைக்கு வந்தோம். அவர் டீசல் பம்ப் மெக்கானிக். மைன்ஸ் லாரிகள் பாதிக்கு மேல் அவர் கை பட்டவை. அதை அவரே நாலு தரம் சொல்லுவார்.

"வாங்க ஆத்தா! என்னா சேகரு, மொதலாளியம்மாவையே கூட்டியாந்துட்ட?"

"தா.பழூருக்கு இழுவை போவுது பாய்," என்றான் சேகர். "கம்ப்ரசரு. ரெண்டு டன்னுக்கு மேல இருக்கும். ஓஸு, பைப்புன்னு வண்டி மேலயும் ஒரு டன்னு ஏறுது. பம்ப்ப கொஞ்சம் கூட்டி வுடுங்க."

"கொஞ்சம் என்னா கொஞ்சம்? மைன்ஸ் செட்டிங்கே வச்சுடுறேன். கம்ப்ரசர் என்னா, கோயில் தேரையே கட்டி வுட்டாலும் இழுத்துட்டுப் போவும்."

மைன்ஸ் செட்டிங் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். டீசல் பம்பில் ஒரு ஸ்குரூ இருக்கிறது. இஞ்சினுக்கு அதிகபட்சம் எவ்வளவு டீசல் போகலாம் என்று கம்பெனிக்காரன் அளந்து வைத்து, கம்பி கட்டி, ஈய சீல் வைத்து அனுப்புகிறான். அரியலூரில் லாரி வாங்கினால் மாலை போடுகிறார்களோ இல்லையோ, முதலில் அந்த சீலை அறுத்துவிடுவார்கள். ஸ்குரூவைத் திருகினால் டீசல் கூடுதலாகப் பாயும். வண்டி கறுப்பாகப் புகை விட்டுக்கொண்டு குழியிலிருந்து கல்லோடு துள்ளி ஏறும். புகை எவ்வளவு கறுப்போ அவ்வளவு பலம் என்பது அங்கே எல்லோருடைய நினைப்பு. புகை விடாத வண்டி போனால் "பத்தியச் சாப்பாடு சாப்பிடுது" என்று சிரிப்பார்கள்.

பாய் ஸ்பேனரை எடுத்துவிட்டார். நான் அங்கே கிடந்த டயரின் மேல் உட்கார்ந்துகொண்டு கேட்டேன்.

"பாய், மைன்ஸ்ல லாரி குழிய வுட்டு மேல ஏற எவ்ளோ நேரமாவும்?"

"என்னா, ஒரு பத்து நிமிசம்."

"அப்பறம்?"

"கல்லக் கொட்டிட்டுக் காலியா எறங்கும். என்னா ஆத்தா கேள்வி இது?"

"அப்ப எறங்கறப்ப அதுக்கு மூச்சு வாங்க நேரம் கெடைக்குது. நாங்க இழுக்கற மிஷினு தா.பழூர் வரைக்கும் பின்னாலயேதானே இருக்கும்? நடுவுல எங்க கொட்டறது?"

பாய் சேகரைப் பார்த்தார். "உங்கம்மா வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்டா."

"படிச்சா ஊர் தாங்காது பாய்," என்றான் சேகர். சிரிக்கவில்லை.

நான் விடவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் அரிசி மில்லில் நெல் அவித்தவள் நான். உமி அடுப்பில் உமியை அள்ளித் திணித்தால் புகைதான் கறுப்பாக வரும். அண்டாவின் அடி தீய்ந்துபோகும், மேல் நெல் அவியாது. இஞ்சினும் அடுப்புதானே. "கூட்டினா என்னா ஆவும்னு நேரா சொல்லுங்க," என்றேன்.

பாய் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "சூடு ஏறும். தண்ணி கொதிக்கும். கொதிச்சும் நிறுத்தாம ஓட்டுனா ஹெட்டு வளையும். அதுக்கும் மேல போனா பிஸ்டன் உருகிரும். ஆனா இவன் நல்ல ஓட்டக்காரன், சூட்டு முள்ளப் பார்த்து ஓட்டுவான். ஒண்ணும் ஆவாது, இன்ஷா அல்லா."

"ஆவாதுன்னு எழுதித் தர்றீங்களா?"

"கேரண்டி மட்டும் கேக்காதீங்க ஆத்தா. பம்ப் கடையில யாரும் கேரண்டி கேக்கறதில்ல."

சேகர் என் பக்கத்தில் வந்து குந்தினான். குரலைத் தாழ்த்திப் பேசினான். "யம்மா, முழுசா வேணாம். அரைச் சுத்து. அரைச் சுத்து கூட்டினா டாப் கியர்ல இழுக்கும், அஞ்சு மணிக்கெல்லாம் போயிடலாம். கூட்டலன்னா மூணாவது கியர்லயே உருட்டணும், இருட்டிப் போவும். செல்வி பயிரு..."

"தெரியும்டா."

"ராத்திரி பூரா காத்து அடிக்கணும்மா. ஒரு ராத்திரி."

அரியலூரிலிருந்து தா.பழூர் ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். அரைச் சுற்றில் வண்டி தாங்கியிருக்கும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். தாங்காது என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அன்றைக்குக் காலையில் அந்த டயரின் மேல் உட்கார்ந்திருந்தவளுக்கு அது தெரியாது. ஒரு பக்கம் மகளுடைய நாலு ஏக்கர். இன்னொரு பக்கம் மகனுடைய வண்டி. வண்டி வழியில் வெந்து நின்றால் நெல்லும் போகும், வண்டியும் போகும். வண்டி நிற்காமல் மெதுவாகப் போனால் ஒரு ராத்திரி மட்டும் போகும். இதை விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு எழுந்தேன்.

"பம்ப் சீலைத் தொடாதீங்க பாய். கம்பெனிக்காரன் வச்சபடியே இருக்கட்டும். அதுக்குப் பதிலா சூட்டைக் குறைக்கறதுக்கு என்னென்ன உண்டோ அத செய்யுங்க."

சேகர் எழுந்து வெளியே போய்விட்டான்.

பாய் முணுமுணுத்துக்கொண்டே செய்தார். டீசலைத் தூவுகிற நாசில் நாலையும் கழற்றி டெஸ்டரில் வைத்து அடித்துப் பார்த்தார். ஒன்று மட்டும் சொட்டுச் சொட்டாக ஒழுகியது, அதை மாற்றினார். மற்றதெல்லாம் பனி மாதிரி தூவிற்று. டீசல் பாய்கிற டைமிங்கைக் கொஞ்சம் முன்னால் தள்ளினால் இழுவை கூடும் என்றார். "இஞ்சினு தட்டுமா?" என்றேன். "லேசா தட்டும்" என்றார். வேண்டாம், கம்பெனிக்காரன் போட்ட கோட்டுக்குக் கோடு நிறுத்துங்கள் என்றேன். ஏர் பில்டரைத் திறந்தால் உள்ளே சுண்ணாம்புத் தூள் அப்பம் மாதிரி கட்டியிருந்தது. கழுவிப் புது ஆயில் ஊற்றினார். ரேடியேட்டரைக் கழுவி, பேன் பெல்ட்டை இழுத்துக் கட்டினார். கடைசியில் இன்னொரு ஸ்குரூவைக் காட்டி, இதைக் கொஞ்சம் தளர்த்தினால் சேகர் எவ்வளவு மிதித்தாலும் இஞ்சின் ஒரு அளவுக்கு மேல் கத்தாது என்றார். அதையும் செய்யச் சொன்னேன்.

"முப்பது வருசமா கூட்டச் சொல்லி வர்றவங்களத்தான் பாத்திருக்கேன்," என்றார் பாய் கையைத் துடைத்துக்கொண்டே. "குறைக்கச் சொல்லி வந்த மொத ஆளு நீங்கதான். மைன்ஸ்காரன் பாத்தா என் கடைப் பேரு கெட்டுப் போவும்."

"மைன்ஸ்காரன் வர்றதுக்குள்ள நாங்க போயிடறோம்," என்றேன்.

அதெல்லாம் முடியப் பகல் பன்னிரண்டரை ஆகிவிட்டது. அந்த நேரத்தையும் சேகர் என் கணக்கில்தான் எழுதியிருப்பான்.

மைன்ஸ் குழியை நான் அதுவரை பார்த்ததில்லை. போகாதவர்களுக்கு எப்படிச் சொல்வது? ஒரு பெரிய ஏரியைத் தண்ணீர் இல்லாமல் தோண்டி, படி படியாக வெட்டி வைத்த மாதிரி. அடியில் நிற்கிற லாரி தீப்பெட்டி அளவு தெரிகிறது. ஓர் ஓரத்தில் பச்சையாகக் கொஞ்சம் தண்ணீர் தேங்கியிருந்தது. அந்த ஊரில் அன்று நான் பார்த்த தண்ணீர் அது ஒன்றுதான். அதைக் குடிக்கவும் முடியாது, பாய்ச்சவும் முடியாது.

கம்ப்ரசரோடு அதை ஓட்டுகிற பெரியசாமி என்கிறவரும் வந்தார். ஐம்பது வயசு இருக்கும், புருவமெல்லாம் வெள்ளைத் தூள். கயிறு கட்ட விடவில்லை. இரும்பு ராடு போட்டு, அதற்குத் துணையாகச் சங்கிலியும் மாட்டினார். "கயிறு கட்டினா நீங்க நிறுத்தறப்ப மிஷினு நிக்காது, வந்து முத்தம் குடுக்கும்" என்றார். ஓஸ்களின் மேல் துண்டை விரித்து வண்டியின் பின்னால் படுத்துக்கொண்டார்.

கிளம்பும்போது மணி ஒன்றரை. கல்லங்குறிச்சிப் பெருமாள் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டேன். விளைச்சலில் முதல் மரக்காலை அவருக்குக் கொடுக்கிறவர்கள் நாங்கள். அந்த வருஷம் கொடுக்க ஒன்றும் இல்லாததால் கேட்கக் கூச்சமாக இருந்தது.

வண்டி இழுத்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும். மூன்றாவது கியரில், சத்தம் மாறாமல், ஒரு கர்ப்பிணிப் பெண் நடக்கிற மாதிரி இழுத்தது. மணிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வேகம், மேடு வந்தால் அதுவும் இல்லை. கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். புகை சாம்பல் நிறத்தில் லேசாக வந்தது, கம்ப்ரசர் தெளிவாகத் தெரிந்தது. சூடு காட்டுகிற முள்ளை நான் விடாமல் பார்த்துக்கொண்டே வந்தேன். நடுவுக்கு மேலே ஏறியது, சிவப்பைத் தொடவில்லை.

வி.கைகாட்டி கடைத்தெருவில் எங்களுக்குப் பின்னால் நாலு பஸ்ஸும் ஒரு கல்யாண வேனும் வரிசையாக நின்று ஹார்ன் அடித்தன. முந்திப் போன பஸ்ஸின் கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "என்னா பெரியம்மா, சாமி ஊர்வலமா? தேங்கா ஒடைக்கணுமா?" என்று கத்தினான்.

"ஒடைடா, ஒன் தலைய ஒடை," என்றான் சேகர். அரியலூர் விட்ட பிறகு அவன் பேசிய முதல் பேச்சு அதுதான்.

உடையார்பாளையத்துக்கு முன்னால் மேடு மேடாக வந்தது. செம்மண், முந்திரித் தோப்பு. வெயில் மார்கழி வெயில் மாதிரி இல்லை. முள் சிவப்புக்கு ஒரு விரல் கீழே வந்து நின்றது. நிறுத்தச் சொன்னேன். டீக்கடை ஓரம் நிறுத்தி, இஞ்சின் மூடியைத் தூக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தோம். மணி நாலு. சேகர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு, சீட்டுக்கு அடியிலிருந்து ஸ்பேனரையும் கட்டிங் பிளேயரையும் எடுத்தான். கட்டிங் பிளேயர் எதற்கு என்று எனக்குத் தெரியாதா? ஈய சீலின் கம்பியை அறுப்பதற்கு. நான் போய் இஞ்சினுக்கு முன்னால் நின்றுகொண்டேன்.

"நவுரும்மா. கால் சுத்து. ஒரே கால் சுத்து."

"முள்ளு எங்க நிக்குதுன்னு பாத்தியா?"

"பாத்தேன். இங்கேருந்து இருவது இருவத்தஞ்சு கிலோமீட்டரு. அதுக்குள்ள ஒண்ணும் செத்துப் போவாது."

"செத்துப் போனா?"

"போனா போவட்டும்!" என்று கத்தினான். டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பினார்கள். "அவ எனக்குத் தங்கச்சிம்மா. நாலு ஏக்கரும்மா."

"எனக்கு மவ. ஒன் புள்ளைங்க ரெண்டும் எனக்குப் பேரப் புள்ளைங்க. வண்டி என் பேர்ல இருக்கு. நீ அடிச்சாலும் நவுர மாட்டேன்."

பெரியசாமி மேலேயிருந்து எட்டிப் பார்த்தார். "தம்பி, இஞ்சினு ஆறட்டும். இல்லன்னா எம் மிஷினையும் சேத்து இங்கயே வித்துட்டுப் போவலாம். டீக்கடைக்காரர் வெல கேக்கறாரு."

சேகர் பிளேயரை சீட்டின் மேல் எறிந்தான். இஞ்சின் ஆற முக்கால் மணி நேரம் பிடித்தது. கூட்டாத வண்டியே இந்தச் சூடு சுடுகிறதென்றால் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. மனசுக்குள் நினைத்துக்கொண்டேன். அவன் என்ன நினைத்தான் என்று எனக்குத் தெரியாது.

ஜெயங்கொண்டம் வரும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். பனி மூட்டம் வேறு சேர்ந்து ரோடு மறைந்தது. பெரியசாமி இறங்கி வந்து, "இதுக்கு மேல வேணாம்" என்றார். தா.பழூருக்கு இன்னும் பதினாலு கிலோமீட்டர் இருந்தது. பெட்ரோல் பங்க் ஓரத்தில் வண்டியை நிறுத்திக்கொள்ள விட்டார்கள். எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்திலிருந்து செல்வியின் பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டேன். செல்வி ஓடி வந்த மூச்சு கேட்டது.

"எங்கம்மா இருக்கீங்க? வாய்க்காக் கரைல மாமியாரெல்லாம் லைட்டு புடிச்சுக்கிட்டு நிக்கறாங்க."

"ஜெயங்கொண்டம். இருட்டிடுச்சு. காலைல வந்துடறோம்."

பூத்தின் மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"வண்டி மக்கர் பண்ணுதாம்மா?"

"இல்ல. நல்லா இருக்கு. நாந்தான் மெதுவா ஓட்டச் சொன்னேன்."

"சரிம்மா," என்றாள்.

பொய் சொல்லியிருக்கலாம். வண்டி மக்கர் செய்தது என்று சொல்லியிருந்தால் அவளுக்கும் ஆறுதலாக இருந்திருக்கும். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை.

விடிந்து ரோடு தெரிந்ததும் கிளம்பி, ஏழரைக்குப் போய்ச் சேர்ந்தோம். தா.பழூர் பக்கம் போகாதவர்கள் அந்தப் பச்சையைத் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் மேட்டுக்காடு காய்ந்தால் காய்ந்தது என்று தூரத்திலிருந்தே தெரியும். அங்கே அப்படி இல்லை. கண்ணுக்கு எட்டின வரை நெல் பச்சையாகத்தான் நின்றது. கிட்டப் போய்க் குனிந்து பார்த்தால்தான் இலை ஊசியாகச் சுருண்டிருப்பதும், அடியில் நிலம் வெடித்து என் கை நுழைகிற அளவு வாய் திறந்திருப்பதும் தெரியும். பொன்னாற்று வாய்க்காலில் பிள்ளைகள் கில்லி விளையாடினார்கள். கொள்ளிடம் கூப்பிடு தூரம்தான். அதில் மணல் இருந்தது.

பெரியசாமி ஒரு நிமிஷத்தையும் வீணாக்கவில்லை. ஓஸை இறக்கிக் காற்றை விட்டார். முதலில் போர் இருமியது. பிறகு சேறு எகிறி அடித்தது, தென்னை உயரத்துக்கு. எங்கள் எல்லோர் மேலும் விழுந்தது. கலியமூர்த்தி மாப்பிள்ளை அந்தச் சேற்றிலேயே நின்றுகொண்டிருந்தார். பத்து மணிக்குச் சேறு செங்கல் கரைத்த தண்ணீராயிற்று. பதினொன்றரைக்கு அது வெளுக்க ஆரம்பித்தது. அப்போது பெரியசாமி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் பார்த்ததை மாப்பிள்ளையும் பார்த்துவிட்டார்.

"அண்ணே, இப்பதான் தெளியுது," என்றார்.

"தெரியுதுங்க. அடில இன்னும் மண்ணு நிக்குது. ஒரு ராத்திரி ஊதினா ஊத்துக்கண்ணு தொறந்துக்கும்."

"அப்ப ஊதுங்க. ஒங்க மொதலாளிக்கு நான் போன் பண்றேன். கால்ல வேணா விழறேன்."

"பண்ணிப் பாருங்க. எடுக்க மாட்டாரு. காலைல ஏழு மணிக்கு மைன்ஸ்ல முப்பது பேரு இந்த மிஷினுக்காக நிப்பாங்க. நான் இங்க நின்னா எனக்கு அங்க வேல இல்ல. பன்னெண்டுக்கு எடுத்தாத்தான் நம்ம வேகத்துக்கு இருட்டறதுக்குள்ள போவலாம்."

நம்ம வேகம் என்று அவர் சொன்னது குத்தலாக இல்லை. கணக்காகத்தான் சொன்னார். ஆனாலும் மாப்பிள்ளை என் பக்கம் திரும்பினார். "அத்தை, நேத்து ராத்திரி மட்டும்..." என்று ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்திக்கொண்டு வரப்பில் இறங்கி நடந்துவிட்டார். மரியாதை தெரிந்த பிள்ளை.

செல்வி எல்லோருக்கும் சோறு போட்டாள். மொச்சைக் குழம்பு, அப்பளம். எனக்கும் அள்ளி வைத்தாள். "இன்னுங் கொஞ்சம் போட்டுக்கம்மா" என்று உபசாரம் செய்தாள். பெற்ற தாய்க்கு யாரும் உபசாரம் செய்வதில்லை. விருந்தாளிக்குத்தான் செய்வார்கள். சாப்பிட்டுக் கை கழுவும்போது கேட்டாள்: "வண்டிக்கு ஒண்ணும் ஆவலையே?"

"ஒண்ணும் ஆவல," என்றேன்.

ஓஸைச் சுருட்டி, ராடை மாட்டி, பன்னிரண்டுக்குக் கிளம்பினோம். ஜெயங்கொண்டம் தாண்டிய பிறகு சேகர் கேட்டான்.

"யம்மா, அரைச் சுத்து கூட்டியிருந்தா?"

"உடையார்பாளையத்துலயே வெந்து நின்னுருக்கும்."

"நிக்காம போயிருந்தா?"

நான் முள்ளைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

இருட்டுவதற்குச் சற்று முன்னால் மைன்ஸில் கம்ப்ரசரை விட்டோம். திரும்புகிற வழியில் கடையில் நிறுத்தினோம்; காதர் பாய் வண்டியின் மூடியைத் தூக்கி, ஆயிலைத் தொட்டு முகர்ந்து பார்த்துவிட்டு, "புது இஞ்சினு மாதிரி இருக்கு ஆத்தா, நீங்க செயிச்சிட்டீங்க" என்றார். நான் சரி என்றேன். செயித்த மாதிரிதான் இருந்தது.

போரில் அதன்பிறகு அரை மணி நேரம் தண்ணீர் வரும், நிற்கும், மறுபடி ஊறக் காத்திருக்க வேண்டும். அந்தத் தண்ணீரில் போருக்குப் பக்கத்தில் இருந்த ஒன்றரை ஏக்கரைக் காப்பாற்றினார்கள். மிச்சத்தை அறுத்து மாட்டுக்குப் போட்டார்கள். கதிர் வெளியே வராத பயிரை மாடு ஆசையாகத் தின்னும், இனிப்பாக இருக்கும் என்று மாப்பிள்ளை போனில் சொன்னார். எங்கள் வண்டி அடுத்த வாரமே வெங்காயம் ஏற்றிக்கொண்டு போயிற்று. சேகரின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். இரண்டு ஊரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எங்கள் ஊரில் அந்த வருஷம் ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்றுதான் யாரும் சொல்வார்கள்.

தை பிறக்க நாலு நாள் இருக்கும்போது பொங்கல் சீர் கொண்டுபோவதைப் பற்றிப் பேச செல்விக்குப் போன் போட்டேன். கல்யாணமான வருஷத்திலிருந்து அரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, கரும்புக் கட்டு, புதுப் பானை எல்லாவற்றையும் அண்ணன்தான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவான். வாசலில் வண்டி வந்து நின்றால் தெருவே பார்க்கும். அது அவளுக்குப் பெருமை.

"சேகர் நாளன்னைக்குக் கெளம்பறானாம். வண்டில என்னென்ன போட்டு அனுப்பட்டும்?" என்று கேட்டேன்.

"பஸ்ஸுலயே வாங்கம்மா," என்றாள். "வண்டிக்கு எதுக்குச் சிரமம்?"